ஹம்பிக்கு அக்கரையில்: ஆனெகுந்தி என்ற கோட்டை ஊர்

கேள்வி இதுதான்: "குடும்பத்தோடு மூன்று நாள் ஹம்பி போகிறோம். துங்கபத்திரைக்கு அந்தப் பக்கம் ஆனெகுந்தி என்று கோட்டை சூழ்ந்த ஒரு கிராமம் இருக்கிறதாம். அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கலாமா, போகிற போக்கில் எட்டிப் பார்த்தால் போதுமா? அந்த ஊரின் வரலாறுதான் என்ன?"

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முடிந்தால் ஹம்பியைப் பார்ப்பதற்கு முன்பே அங்கே போய்விடுங்கள். ஹம்பியின் துணைக்கோள் போலத்தான் பலரும் ஆனெகுந்தியை நினைக்கிறார்கள். உண்மையில் மூத்தது இந்த ஊர்தான். விஜயநகரம் என்ற பேரரசு பிறப்பதற்கு முன்பே இங்கே கோட்டை இருந்தது. அதன் தலைநகரமான ஹம்பி அழிந்து ஆளில்லாமல் போன பிறகும் இங்கே மக்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கோட்டை வாசலுக்குள் மாட்டு வண்டியும் பைக்கும் போய் வருகின்றன, மதில் ஓரத்தில் துணி காய்கிறது. அக்கம்பக்கத்தார் இந்த ஊரை விஜயநகரத்தின் தாய் என்றே சொல்வார்கள். நிறைய வாசித்த பிறகும் எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். கர்நாடகத்தில் கொப்பள் மாவட்டம், கங்காவதி வட்டம், துங்கபத்திரையின் வடகரை. தெற்கே ஆறு. மற்ற பக்கங்களில் பாறைக் குன்றுகள். இந்தக் கருங்கல் ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதுடையது. வெயிலிலும் மழையிலும் வெடித்து, விளிம்பு தேய்ந்து, யாரோ எடுத்து அடுக்கி வைத்தது போல உருண்டைப் பாறைகளாக நிற்கிறது. யாரும் கொண்டுவந்து போட்டதல்ல, நின்ற இடத்திலேயே அப்படி ஆனது. எதிரி குதிரைப்படையோடு வந்தால் இந்தக் குன்றுகளில் ஏற முடியாது. குன்றுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளை மட்டும் சுவர் வைத்து அடைத்துவிட்டால் போதும், கோட்டை தயார். ஆகவே இங்கே கோட்டை கட்டியவர்கள் செய்த வேலை பாதி, மீதியை மலையும் ஆறும் செய்து கொடுத்தன.

1520 வாக்கில் இங்கே வந்த போர்ச்சுகீசியரான டொமிங்கோ பயஸ் இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். ஆற்றுக்கு வடக்கே பழைய காலத்தில் தலைநகராக இருந்த ஊர் ஒன்று உண்டு, இப்போது அங்கே கொஞ்சம் பேர்தான் வசிக்கிறார்கள், ஆனாலும் மதில்கள் நன்றாகவும் வலுவாகவும் இருக்கின்றன, இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே அமைந்த அந்த ஊருக்கு இரண்டே வாசல்கள், ராஜாவின் சார்பில் ஒரு தளபதி அங்கே இருக்கிறார் என்கிறார். கவனியுங்கள், இது கிருஷ்ணதேவராயர் காலம். விஜயநகரம் உச்சத்தில் இருந்த அந்த நேரத்திலேயே ஆனெகுந்தியைப் "பழைய தலைநகர்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் உள்ளூர்க்காரர்கள் சொன்ன முதல் தகவலே அதுவாக இருந்திருக்க வேண்டும்.

பெயருக்கு வருவோம். கன்னடத்தில் ஆனெ என்றால் யானை. இரண்டாம் பாதியைக் குழி என்று பொருள் கொண்டு, யானைக் குழி, அதாவது அரசர்களின் யானைகளைக் கட்டி வைத்த இடம் என்று ஊரில் சொல்வார்கள். நாம் "குண்டும் குழியும்" என்கிறோமே, அந்தக் குண்டுக்கு உறவான சொல் அது. வடமொழியில் இதே ஊரைக் குஞ்சரகோணம் என்று எழுதியிருக்கிறார்கள். குஞ்சரம் யானை என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோணம் என்றால் மூலை. அப்படிப் பார்த்தால் யானை மூலை. குழியோ மூலையோ, யானை என்பதில் இரண்டு பெயரும் ஒத்துப்போகின்றன.

கோட்டைக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், பதில் மிகப் பின்னோக்கிப் போகும். ஊரைச் சுற்றிய பாறைகளில் செங்காவி நிறத்தில் வரைந்த பழங்கால ஓவியங்கள் உண்டு. ஒணகெ கிண்டி என்ற இடுக்கில் உள்ளவற்றைப் பார்க்க உள்ளூர் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், தனியாகத் தேடினால் கிடைக்காது. கங்காவதியிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் ஹிரேபெணகல் குன்று. அங்கே 400 வாக்கில் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடியாக வைத்த வீடு போன்ற அமைப்புகள். சில ஆள் உயரத்தைத் தாண்டும். நம் ஊர்ப் பக்கம் பாண்டவர் குழி, மாண்டவர் குழி என்றெல்லாம் சொல்வோமே, அதே மரபுதான், ஆனால் இத்தனை ஒரே இடத்தில் இந்தியாவில் பார்ப்பது அரிது. 2021ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அந்த இடம் சேர்ந்தது. இந்தக் கல்லை உடைத்து, தூக்கி நிறுத்தும் வித்தை விஜயநகரத்தில் ஆரம்பிக்கவில்லை என்பதை அந்தக் குன்றின் மேல் நின்றால் புரிந்துகொள்ளலாம்.

இனி கோட்டையின் கதை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பகுதியைக் கம்பிலிதேவன் என்ற அரசன் ஆண்டான். துங்கபத்திரைக் கரையில் கம்பிலி, ஆனெகுந்திக்கு வடக்கே கும்மட துர்க்கம் என்று சில கோட்டைகள் அவன் கையில். டெல்லியில் முகமது பின் துக்ளக். சுல்தானின் உறவினரான பஹாவுத்தீன் குர்ஷாஸ்ப் என்பவர் கலகம் செய்து, தோற்று, கம்பிலிதேவனிடம் வந்து அடைக்கலம் கேட்டார். கம்பிலி கொடுத்தான். அதற்கு விலை அவன் நாடு. 1327 வாக்கில் டெல்லிப் படை வந்து கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தது. கம்பிலி கடைசியாகப் பின்வாங்கிய கோட்டை ஆனெகுந்திதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். இனித் தாங்காது என்று தெரிந்ததும் அடைக்கலம் வந்தவரைப் பத்திரமாக வேறு ராஜ்யத்துக்கு அனுப்பிவிட்டு, பெரிய தீ வளர்த்தான். அரண்மனைப் பெண்கள் குளித்து, சந்தனம் பூசி, அவன் முன் தரையைத் தொட்டு வணங்கி ஒருவர் பின் ஒருவராகத் தீயில் இறங்கினார்கள். பிறகு ஆண்கள் வாசலைத் திறந்துகொண்டு போய்ச் சண்டையிட்டுச் செத்தார்கள். இதை எழுதியவர் மொரோக்கோவிலிருந்து வந்த இபன் பதூதா. கம்பிலியின் பிடிபட்ட மகன்களில் மூன்று பேரை டெல்லி அரசவையில் தானே சந்தித்ததாகவும் அவர் சொல்கிறார். குர்ஷாஸ்ப் போய்ச் சேர்ந்தது ஹொய்சள மூன்றாம் வல்லாளனிடம். வல்லாளன் அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டான். இரண்டு அரசர்கள், ஒரே சிக்கல், இரண்டு முடிவுகள். ஒருவன் அழிந்தான், மற்றவன் சிறிது காலம் தப்பினான். இந்தப் பகுதியில் இன்றும் நாட்டுப்பாடலில் வாழ்கிறவன் கம்பிலியின் மகன் குமாரராமன்.

அடுத்த பத்தாண்டுக்குள் ஹரிஹரன், புக்கன் முதலான ஐந்து சகோதரர்கள் மேலே வருகிறார்கள். இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே பெரிய சண்டை உண்டு. காகதீயர் சேவையில் இருந்தவர்கள் என்று ஒரு கட்சி, ஹொய்சளர் ஆட்கள் என்று இன்னொன்று. அதற்குள் நான் போகவில்லை. மரபுக் கதை நமக்குத் தெரிந்ததுதான்: வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்து நின்ற இடத்தைக் கண்டு, வித்யாரண்யர் என்ற துறவி சொன்னபடி அங்கே நகரம் எழுப்பினார்கள். விஜயநகரம் தொடங்கிய ஆண்டு என்று வழக்கமாகச் சொல்வது 1336. 1346ல் சகோதரர்கள் சிருங்கேரியில் கூடி வெற்றி விழா எடுத்து மடத்துக்கு நிலம் கொடுத்தது கல்வெட்டில் இருக்கிறது. அவர்களுடைய முதல் இருப்பிடம் ஆனெகுந்தி. அங்கிருந்துதான் ஆற்றைத் தாண்டித் தென்கரைக்குப் போனார்கள்.

ஏன் தாண்டினார்கள்? எனக்கு இந்தக் கேள்விதான் மொத்த வரலாற்றிலும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. பதில் வரைபடத்தில் இருக்கிறது. வடக்கே கிருஷ்ணை, தெற்கே துங்கபத்திரை, நடுவே ராய்ச்சூர் இடைநாடு. 1347ல் வடக்கே பாமினி சுல்தான்களின் அரசு உருவானதும், அடுத்த 200 ஆண்டுகளுக்கு இந்த இடைநாட்டுக்காக விடாமல் சண்டை நடந்தது. ஆனெகுந்தி இருப்பது அந்தச் சண்டை நிலத்தின் தெற்கு ஓரத்திலேயே. இடைநாட்டுக்குள் வந்துவிட்ட படைக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஆறு இல்லை. தென்கரைக்குப் போய்விட்டால், பாறையும் சுழலும் நிறைந்த துங்கபத்திரையே அகழி. அப்போது ஆனெகுந்தியின் வேலை மாறியது. தலைநகராக இருந்த ஊர் தலைநகரின் வடக்குக் காவல் ஆனது. துறையைக் காப்பது, குன்றின் உச்சியில் கண் வைப்பது, எதிரி வந்தால் முதலில் தாங்குவது. பயஸ் பார்த்த தளபதி இருந்தது அதற்குத்தான்.

இங்கே தமிழ் வாசகர் ஒரு கணம் நிற்க வேண்டும். புக்கனின் மகன் குமார கம்பணன்தான் தெற்கே வந்து மதுரை சுல்தான்களின் ஆட்சியை முடித்தவன். அவனுடைய தளபதி கோபணாரியர் 1371ல் திருவரங்கத்தில் அரங்கனை மீண்டும் எழுந்தருளச் செய்தார் என்று கோயில் கல்வெட்டே சொல்கிறது. கம்பணனின் மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பை வடமொழியில் காவியமாகவும் பாடிவிட்டாள். பின்னால் மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவர்கள். மதுரையில் நாயக்கர் மகாலைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அதன் ஆதிக்கு ஆதி இந்தச் சின்னக் கிராமம் என்று நினைக்கும்போது கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

மதிலைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். பெரிய பெரிய கருங்கற்களைச் சுண்ணாம்பே இல்லாமல் பொருத்தியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் அகலமாகவும் உள்பக்கம் போகப் போக ஒடுங்கியும் இருக்கும் கற்கள், உள்ளே மண்ணும் கல்லும் இறுக்கிய நிரப்பு. கல்லின் எடையே கல்லைப் பிடித்துக்கொள்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரியும். பாறையைப் பிளக்க ஆப்பு அடித்த தடம் அது. மலைப் பாறைகளிலும் அதே தடங்களைப் பார்க்கலாம். சில இடங்களில் துளை மட்டும் போட்டுவிட்டுப் பிளக்காமல் விட்டிருக்கிறார்கள். என்ன காரணமோ, அந்தக் கல்தச்சர் அன்றைக்கு வேலையை நிறுத்தியிருக்கிறார். எனக்கு அரண்மனையை விட அந்தப் பாதியில் நின்ற துளைகள்தான் அதிகம் பேசுகின்றன.

வாசல்கள் நேராக இருக்காது. உள்ளே நுழைந்ததும் வழி மடங்கும், மறுபடியும் மடங்கும். யானையை ஓடவிட்டுக் கதவை முட்ட முடியாது, ஓடி வர நேர் தூரமே கிடைக்காது. திரும்புகிறவன் மேலே நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டியே ஆக வேண்டும். ஊருக்கு வெளியே கடெபாகிலு என்று தனியாக ஒரு கிராமமே இருக்கிறது. கடெ என்றால் கடை, பாகிலு என்றால் வாயில். நம் மொழியில் கடைவாயில். கோட்டையின் கடைசி வாசலே ஊர்ப் பெயராகிவிட்டது. மேற்கே குன்றின் மேல் இருக்கும் கோட்டைப் பகுதியை ஜனங்கள் வாலியின் கோட்டை என்கிறார்கள். அங்கே துர்க்கை கோயில். போருக்குப் போகும் முன் விஜயநகர அரசர்கள் இங்கே வந்து கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள் என்பது ஊர் நம்பிக்கை.

ஆற்றைக் கடப்பது பற்றியும் பயஸ் எழுதியிருக்கிறார். கூடை போல வட்டமான படகு, உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும் என்கிறார். இது பரிசல்தான், ஒகேனக்கல்லில் நாம் ஏறுவது. அந்தப் பக்கம் ஹரிகோலு என்பார்கள். தோலுக்குப் பதில் இப்போது தார் பூசிய துணியோ பிளாஸ்டிக்கோ. 500 ஆண்டு இடைவெளியில் மாறியது அவ்வளவுதான். பேரரசுக் காலத்தில் பாலமும் இருந்தது. ஹம்பியின் விட்டலர் கோயில் பக்கம் ஆற்றின் நடுவே வரிசையாக நிற்கும் கல்தூண்கள் அதன் மிச்சம்.

1565 ஜனவரி 23. தக்காண சுல்தான்கள் சேர்ந்து விஜயநகரத்தைத் தோற்கடித்த தலைக்கோட்டைப் போர். விஜயநகர ஆட்சியை நடத்திவந்த ராமராயர் கொல்லப்பட்டார், தம்பி திருமலை அரச குடும்பத்தோடும் கஜானாவோடும் பெனுகொண்டாவுக்குப் போனார். பிறகு சந்திரகிரி, அதற்கப்புறம் நம் வேலூர் என்று ராஜ்யம் தெற்கே தெற்கே நகர்ந்தது. போருக்கு இரண்டு ஆண்டுக்குப் பின் வந்த வெனிஸ் வணிகர் சீசர் ஃபெடரிச்சி, வீடுகள் அப்படியே நிற்கின்றன, ஆனால் காலி, புலியும் காட்டு விலங்கும்தான் உள்ளே இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று எழுதினார். தென்கரை அப்படி ஆனது. வடகரையில் ஊர் தொடர்ந்தது. விஜயநகர அரச மரபின் ஒரு கிளை ஆனெகுந்தியைச் சிறு ஆட்சிப் பகுதியாக வைத்துக்கொண்டு, பீஜப்பூர், மொகலாயர், மராத்தியர், ஹைதர், திப்பு என்று யார் வந்தாலும் வளைந்து கொடுத்துப் பிழைத்தது. அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் இன்றும் ஊரில் மரியாதையோடு இருக்கிறார்கள்.

ஊர் அறுந்துபோகவில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி அரண்மனை அல்ல, ஆற்றுக்கு நடுவே உள்ள திட்டில் இருக்கும் நவபிருந்தாவனம். மாத்வ மரபின் ஒன்பது துறவிகளின் சமாதிகள், அவற்றைப் பிருந்தாவனம் என்பார்கள். ராகவேந்திரர் பக்தர்கள் தமிழ்நாட்டிலிருந்து பஸ் பிடித்து வருவது இதற்குத்தான். தேதிகளை மட்டும் பாருங்கள். அந்த மரபை நிறுவிய மத்வரின் நேர் சீடர் பத்மநாப தீர்த்தர் இங்கே அடங்கியது 1324. அப்போது விஜயநகரமே இல்லை. கிருஷ்ணதேவராயர் குருவாகப் போற்றிய வியாசராயர் 1539. அது பேரரசின் பொற்காலம். சுதீந்திர தீர்த்தர் அடங்கியது 1620களின் தொடக்கத்தில். தலைநகரம் எரிந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. சுதீந்திரர் ராகவேந்திரரின் குரு, மடம் இருந்தது கும்பகோணத்தில். காவிரிக் கரையில் இருந்தவர் உடலை வைக்க இந்தத் துங்கபத்திரைத் திட்டைத் தேர்ந்தெடுத்தார் என்றால், அந்தக் காலத்துச் சமய உலகத்துக்கு இந்த இடம் இன்னும் உயிரோடு இருந்தது என்றுதானே பொருள்? ஒன்பதில் ஒருவர் யார் என்பதில் மடங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதில் நான் தலையிட மாட்டேன். 2019 ஜூலையில் புதையல் தேடியவர்கள் வியாசராயர் பிருந்தாவனத்தை இரவோடு இரவாக இடித்துப் போட்டார்கள். செய்தி பரவியதும் பக்தர்கள் திரண்டு வந்து கல்லைப் பொறுக்கி அடுக்கி உடனே மீண்டும் எழுப்பிவிட்டார்கள். இடித்தவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

இவ்வளவு முக்கியமான ஊர் ஏன் ஹம்பி அளவுக்கு வெளியே தெரியவில்லை? இதற்கு நான் சொல்லும் காரணம் எல்லைக்கோடு. 1800ல் நிஜாம் பெல்லாரிப் பகுதியை ஆங்கிலேயருக்குக் கொடுத்தார். அன்று முதல் துங்கபத்திரை இரண்டு அரசுகளின் எல்லை. தென்கரையில் ஹம்பி, சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டம். வடகரையில் ஆனெகுந்தி, ஹைதராபாத் நிஜாம் சமஸ்தானம். ஆமாம், 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்து பெல்லாரி மைசூருக்குப் போகும் வரை ஹம்பி நம் சென்னையின் நிர்வாகத்தில்தான் இருந்தது. காலின் மெக்கன்சியின் வரைபடம், 1856ல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படங்கள், சென்னை சிவில் சர்வீஸில் இருந்த ராபர்ட் சுவெல் எழுதிய வரலாறு, தொல்லியல் துறையின் அகழாய்வு, இவற்றின் கவனம் பெரும்பாலும் தென்கரையிலேயே நின்றது. ஒரே நகரத்தின் இரு கரைகள் 150 ஆண்டுகள் இரண்டு நாடுகளின் கோப்புகளில் கிடந்தன. 1956ல்தான் இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. இன்றைக்கும் மாவட்டம் வேறு வேறுதான்.

ஊருக்குள் நடப்பது சுலபம். நடுவில் தேர் நிற்கும் சதுக்கம், பக்கத்தில் ரங்கநாதர் கோயில், எதிரே ககன் மகால். ககன் மகால் சின்னது. வளைவு மாடங்களும் சுதை வேலைப்பாடும் பார்த்தால் கோயில் கட்டிய கை இல்லை, சுல்தான்கள் பாணி கலந்தது என்று உடனே தெரியும். விஜயநகரத்தையும் பாமினியையும் நேர் எதிரிகளாக மட்டும் படித்தவர்கள் இதன் முன் நிற்க வேண்டும். சண்டை ஒரு பக்கம், மேஸ்திரிகளும் பாணிகளும் எல்லை தாண்டிப் போய் வந்தது இன்னொரு பக்கம். ஊருக்கு வெளியே ஹுச்சப்பய்யன மடம் பாழடைந்து கிடக்கிறது. உள்ளே பளபளக்கும் கருங்கல் தூண்கள், அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஓவியங்களின் மிச்சம். ஹம்பியின் விரூபாட்சர் கோயில் விதானத்தை முண்டியடித்துப் பார்க்கும் கூட்டம் இங்கே வருவதில்லை. டார்ச் எடுத்துப் போங்கள்.

ராமாயணம் இந்த ஊரில் கதையாக இல்லை, முகவரியாக இருக்கிறது. கிஷ்கிந்தை இதுதான் என்பது இவர்கள் உறுதி. 575 படி ஏறினால் அஞ்சனாத்ரி, அனுமன் பிறந்த இடம். அடுத்து பம்பா சரோவர், சபரி காத்திருந்த இடம். ஆற்றங்கரையில் சிந்தாமணி, ராமன் நின்று வாலி மேல் அம்பு எய்த இடம் என்று ஒரு குகையைக் காட்டுவார்கள். 2021ல் திருமலை தேவஸ்தானம் அனுமன் பிறந்தது திருமலை அஞ்சனாத்ரியில் என்று அறிவித்தபோது இங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யாரும் இல்லை. ஆனால் இந்தப் பாறைக் காட்டில் குரங்குகள் தாவுவதைப் பார்த்தால், இங்கேதான் வானர ராஜ்யம் என்று முதலில் சொன்னவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பது விளங்கும்.

பலரும் படம் எடுக்காமல் தாண்டிப் போகும் ஒன்று உண்டு, அது வாய்க்கால். துங்கபத்திரையில் குறுக்கே கல்லணைகள் போட்டு விஜயநகர அரசர்கள் வெட்டிய கால்வாய்களில் ஆனெகுந்திக் கால்வாயும் ஒன்று. இன்றும் தண்ணீர் ஓடுகிறது, அதை நம்பி நெல்லும் வாழையும் விளைகின்றன. கோட்டை காவல் வேலையை நிறுத்திப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது, வாய்க்கால் இன்னும் வேலையை விடவில்லை. ராயர்கள் கட்டியவற்றில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் ஹம்பியின் புகழ்பெற்ற கல்ரதத்தைக் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

இன்றைய நிலைமை சிக்கலானது. 1986ல் ஹம்பி உலகப் பாரம்பரியச் சின்னமானது. 1999ல் ஆற்றின் குறுக்கே புதிய பாலங்கள் கட்டும் வேலையால் "ஆபத்தில் உள்ளவை" பட்டியலுக்குப் போய், 2006ல் வெளியே வந்தது. தளவாரகட்டத்துக்கும் ஆனெகுந்திக்கும் நடுவே கட்டிய அந்தப் பாலம் 2009 ஜனவரியில் வேலை நடக்கும்போதே இடிந்து விழுந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பாரம்பரியம் பேசுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பாலம் கேட்டவர்கள் வில்லன்கள் இல்லை. ஆறு பெருகினால் பரிசல் ஓடாது. பிரசவத்துக்கும் பள்ளிக்கும் போக, எதிரே கண்ணுக்குத் தெரியும் கரைக்குப் பல மைல் சுற்றிப் போனவர்கள் அவர்கள். இப்போது கடெபாகிலு, புக்கசாகரம் பக்கமாகப் பாலம் இருப்பதால் அந்தத் துன்பம் குறைந்திருக்கிறது.

ஹம்பிப் பாரம்பரியப் பகுதியைப் பாதுகாக்கும் ஆணையத்தின் எல்லைக்குள் 29 கிராமங்கள், 236 சதுர கிலோமீட்டர். உள்ளே ஒரு சுவர் எழுப்பவும் அனுமதி வேண்டும். விருபாபுர கட்டெத் திட்டில் விதிமீறிக் கட்டிய விடுதிகளை உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020 மார்ச்சில் இடித்தார்கள். அது சரிதான் என்பேன். ஆனால் 700 ஆண்டாகக் குடியிருக்கும் ஊர்க்காரரின் ஒழுகும் கூரையையும் வியாபாரியின் விடுதியையும் ஒரே கண்ணால் பார்ப்பது சரியில்லை. அந்த மண் வீடுகளும் கல் திண்ணைகளும் இல்லையென்றால் ஆனெகுந்தியும் இன்னொரு ஹம்பி ஆகிவிடும். 1997ல் தொடங்கிய கிஷ்கிந்தா டிரஸ்ட் இந்த விஷயத்தில் நல்ல வேலை செய்திருக்கிறது. பழைய வீடுகளைப் பழைய முறையிலேயே பழுதுபார்ப்பது, பெண்களுக்கு வாழைநாரில் கைவினைப் பயிற்சி என்று ஊர்க்காரர் கையில் காசு வரும்படி செய்தார்கள். ஏதாவது வாங்கி வர நினைத்தால் அந்த வாழைநார்ப் பைகளை வாங்குங்கள்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். அஞ்சனாத்ரியை விடியற்காலையில் ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை அடுப்பு மாதிரி ஆகிவிடும். மேலிருந்து பார்த்தால் ஆறு, வயல், கோட்டைச் சுவர், எதிர்க்கரையில் கோபுரங்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். அரசர்கள் ஏன் கரை மாறினார்கள் என்று நான் மேலே சொன்னதை அங்கே நின்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள், புத்தகத்தை விட நன்றாகப் புரியும். வெயில் நேரத்தில் ஊருக்குள் சதுக்கம், ககன் மகால், மடம். மாலையில் சிந்தாமணி பக்கம் ஆற்றங்கரை. அங்கே ஆற்றுக்குள் 64 தூண் மண்டபம் ஒன்று தெரியும். கிருஷ்ணதேவராயரின் சமாதி என்பார்கள், ஊர் வழக்காக எடுத்துக்கொள்ளுங்கள். நவபிருந்தாவனம் போவதாக இருந்தால் மட்டும் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். மேலே ஹொஸ்பேட்டை அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் படகு போகாது, வெள்ளம் ஏறினால் பிருந்தாவனங்களே முழுகிவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரை இது அடிக்கடி நடக்கும். டிசம்பர், ஜனவரி என்றால் கவலை இல்லை.